கசகசாவின் நிழல் – 11: மண்டைக்குள் விளைந்த அபின்

1937 அக்டோபர் 1. சேலம் மாவட்டத்தில் மதுக்கடைகள் மூடப்பட்ட அந்த நாளில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ இதழை நடத்தி, குடியின் கேட்டைக் கிராமம் கிராமமாகச் சொல்லி வந்தவர் ராஜாஜி. சென்னை மாகாண ஆட்சித் தலைமைக்கு வந்து மூன்று மாதம் நிறையும் முன்பே, மதுவிலக்கைத் தம் சொந்த மாவட்டத்தில் தொடங்கினார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலத்துக்குள் அடக்கம்.

அபினின் கதையில் கள்ளுக்கடை எதற்கு வந்தது? இரண்டுக்கும் பொதுவான ஒரு கேள்விக்காக. கடையை ஓர் ஆணையில் மூடிவிடலாம். பழகிய உடம்பு எந்த ஆணைக்கும் கட்டுப்படாது. பொருள் நின்ற மறுநாள் அந்த உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

1937இல் உலகத்தில் எந்த மருத்துவருக்கும் இதற்கு விடை தெரியாது. விடையின் முதல் நுனி கைக்குக் கிடைக்க இன்னும் 36 ஆண்டுகள் ஆயின.

*

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் கசகசா வாங்காத வீடு குறைவு. குருமாவுக்குத் தேங்காயோடு அரைத்து ஊற்றுகிறோம். அது அபின் செடியின் விதை என்பது பலருக்குத் தெரியாது. விதையில் போதை இல்லை என்றே சொல்லலாம். பச்சைக் காயைக் கீறினால் கசிகிற பாலில்தான் எல்லாம் இருக்கிறது. பால் உறைந்தால் அபின். அபினிலிருந்து பிரித்தால் மார்ஃபின். மார்ஃபினை மாற்றினால் ஹெராயின்.

விதையெடுத்த பின் எஞ்சும் காய்த்தோலை வடக்கே ‘புக்கி’ என்றும் ‘டோடா’ என்றும் சொல்வார்கள். பஞ்சாப், ராஜஸ்தான் நெடுஞ்சாலைகளில் தூக்கத்தையும் உடல்வலியையும் அடக்க லாரி ஓட்டுநர்கள் அதைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நாமக்கல் லாரிகளும் அந்தச் சாலைகளில்தான் ஓடுகின்றன.

இப்போது ஆபத்து வடக்கிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. வலிக்காகச் செய்யப்பட்ட டபென்டடால் மாத்திரையைப் போதைக்காக விற்றவர்கள் பிடிபட்ட செய்தி, தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் மாதந்தோறும் வருகிறது. மாத்திரையின் பெயர் வேறு. உடம்புக்குள் அது திறக்கும் பூட்டு, அபின் திறக்கும் அதே பூட்டுதான்.

நிறுத்தினால் என்ன ஆகும்? ஹெராயின் பழகியவருக்கு அரை நாளுக்குள் தொடங்கிவிடும். ஓயாத கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர். மயிர்க்கால் சிலிர்த்து நிற்கும். கெண்டைக்கால் இழுக்கும், எலும்புக்குள் குடையும், வயிறு போகும், கண் மூடாது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். ஒரு வாரத்தில் பெரும்பகுதி தணியும். தூக்கமின்மையும் ஏக்கமும் மாதக்கணக்கில் நீளும்.

அந்த மூன்று நாளில் வீட்டார் சொல்வது ஒன்றுதான்: “மனசு வெச்சா விட்டுரலாம்ல?”

அன்பில் வருகிற சொல்தான். ஆனால் மனசுக்குக் கீழே, நரம்பணுவுக்குள், வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதைதான் இந்த வாரம்.

*

1973. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். சாலமன் ஸ்னைடரின் ஆய்வகத்தில் 26 வயது ஆராய்ச்சி மாணவி கேண்டேஸ் பெர்ட், கதிரியக்கம் ஏற்றிய நலோக்ஸோன் என்ற மருந்தை மூளைத் திசுவில் கலந்து பார்த்தார். நலோக்ஸோன் என்பது அபின் வகைகளின் வேலையைத் தடுக்கும் மருந்து. அது மூளையில் போய் ஒட்டும் இடத்தைக் கண்டால், அபின் ஒட்டும் இடத்தையும் கண்ட மாதிரி.

ஒட்டியது. குறிப்பிட்ட இடங்களில், பூட்டில் சாவி போலப் பொருந்தியது. அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும், ஸ்வீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே அதே முடிவுக்கு வந்தார்கள்.

பூட்டு கிடைத்துவிட்டது. கிடைத்த கணமே அதைவிடப் பெரிய கேள்வி எழுந்தது.

எங்கோ வயலில் விளையும் ஒரு செடியின் பாலுக்கு, மனிதன் மூளையில் எதற்காகப் பூட்டு இருக்கிறது? கசகசாவை ஆயுளில் கண்ணால் பார்த்திராத மீனுக்கும் தவளைக்கும்கூட இருக்கிறதே?

ஒரே விடைதான் பொருந்தும். இந்தப் பூட்டு செடிக்காகச் செய்யப்பட்டது இல்லை. உடம்பே ஒரு சாவி வைத்திருக்கிறது. செடியின் பால் அதற்குக் கள்ளச்சாவி.

அந்தச் சொந்தச் சாவி எங்கே?

*

ஸ்காட்லாந்தின் அபர்டீன். குளிரும் கருங்கல்லுமான துறைமுக நகரம். அங்கே ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் என்ற எழுபது வயது விஞ்ஞானி. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1934இல் வெளியேறிய யூதர். பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற வேண்டிய வயதில், அடிமைப்படுத்தும் மருந்துகளுக்கென ஒரு புதிய ஆய்வுப் பிரிவைத் தொடங்கியிருந்தார். கூட்டாளி ஜான் ஹியூஸுக்கு முப்பதைத் தாண்டி ஓரிரு வயது.

ஹியூஸின் நாள் விடியற்காலையில் பன்றி அறுக்குமிடத்தில் தொடங்கும். மூளைகளை வாங்கி, பனிக்கட்டியில் வைத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார். அரைப்பது, வடிப்பது, பிரிப்பது. கையில் மிஞ்சுவது துளியூண்டு சாறு.

அந்தச் சாற்றில் சாவி இருக்கிறதா என்று எப்படி அறிவது? சுண்டெலியின் விந்துக்குழாயைச் சிறு கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டார்கள். மின்சாரம் பாய்ச்சினால் அது துள்ளும். மார்ஃபின் விட்டால் துள்ளல் அடங்கும். நலோக்ஸோன் விட்டால் மீண்டும் துள்ளும்.

மூளைச் சாற்றை விட்டார் ஹியூஸ்.

துள்ளல் அடங்கியது. நலோக்ஸோனை விட்டார். மீண்டும் துள்ளியது.

அபின் எதுவும் கலக்காத சாறு, அபினின் வேலையைச் செய்கிறது. பன்றியின் மூளைக்குள் ஏதோ ஒன்று அபினைப் போல நடந்துகொள்கிறது. அது என்ன என்று அறுதியிட மேலும் மாதங்கள் ஓடின. லண்டனில் ஹோவர்ட் மாரிஸின் உதவியோடு அதன் கட்டமைப்பு தெளிந்தது. 1975 டிசம்பர் 18 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் உலகுக்கு அறிவித்தார்கள்.

ஒன்றல்ல, இரண்டு பொருள்கள். இரண்டும் பெப்டைடுகள். புரதம் நீண்ட மாலை என்றால், பெப்டைடு அதில் அறுந்த சிறு சரம். ஐந்தே ஐந்து அமினோ அமில மணிகள். முதல் நான்கு மணி இரண்டுக்கும் ஒன்று. ஐந்தாவது ஒன்றில் மெத்தியோனின், மற்றதில் லியூசின். ‘தலைக்குள் இருப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் சோ ஹாவ் லீ, ஒட்டகங்களின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து 31 மணி கோத்த நீண்ட சரம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். அது பீட்டா எண்டார்ஃபின். எண்டார்ஃபின் என்றால் உடம்புக்குள்ளே பிறக்கும் மார்ஃபின்.

*

இனிக் கதையைச் சற்றே பின்னுக்கு நகர்த்த வேண்டும். ஏனென்றால் அபர்டீனுக்கு மூன்றாண்டுகள் முன்பே, ஹாங்காங்கில் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. நடந்தபோது அதன் பொருள் யாருக்கும் விளங்கவில்லை.

1972இன் இறுதி. கௌலூனில் குவாங் வா மருத்துவமனை. நரம்பு அறுவை மருத்துவர் எச். எல். வென், சீனாவின் அக்குபஞ்சர் முறையில் வலியடக்கக் கற்றிருந்தார். மேசைமேல் சுமார் ஐம்பது வயது நோயாளி. அபின் பழக்கம் உள்ளவர். மருத்துவமனையில் அபின் நின்றதால் உடம்பு முறிக்கிற வேதனையில் இருந்தார்.

அறுவைக்கு முன் கையிலும் காதிலும் ஊசி குத்தி மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார் வென். நோக்கம் வலியடக்குவது மட்டும்தான்.

அரை மணி ஆகும் முன்பே நோயாளி தானாகச் சொன்னார்: அபின் நின்ற வேதனை போய்விட்டது.

யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மூளையில் செய்யவிருந்த அறுவை கைவிடப்பட்டது. வென்னும் அவருடைய சக மருத்துவர் செயுங்கும் அபின், ஹெராயின் பழகிய நாற்பது பேரிடம் அதே முறையைச் சோதித்து 1973இல் வெளியிட்டார்கள். பலருக்கு வேதனை தணிந்தது. ஆனால் தணிவு சில மணி நேரமே நின்றது. மறுபடி மறுபடி ஊசி தேவைப்பட்டது.

ஏன் தணிந்தது? வென்னிடம் அன்று விடை இல்லை.

1975 டிசம்பரில் அபர்டீனிலிருந்து செய்தி வந்ததும், இரண்டு நுனிகளும் ஒரே முடிச்சில் வந்து சேர்ந்தன. ஊசியும் மின்சாரமும் மூளையின் சொந்த அபினைக் கசியச் செய்திருக்குமோ? அப்படியானால் அந்தப் பெப்டைடையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? உடம்பில் ஊறும் பொருள் உடம்பை அடிமையாக்காதே!

எத்தனை ஆய்வகங்களில் எத்தனை பேர் அந்த இரவுகளில் தூங்காமல் இருந்திருப்பார்கள். மார்ஃபினின் வலியடக்கும் வல்லமை வேண்டும், அதன் விலங்கு வேண்டாம். மருத்துவம் நூறு ஆண்டுகளுக்கு மேல் தேடிய வரம் அது.

*

அந்த நம்பிக்கை ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை.

1976. கலிஃபோர்னியாவில் எட்வர்ட் வெய்யும் ஹோரஸ் லோவும் எலிகளின் மூளைக்குள் இந்தப் பெப்டைடுகளைத் தொடர்ந்து சொட்டச் செய்தார்கள். பிறகு நலோக்ஸோன் கொடுத்தார்கள். மார்ஃபின் பழகிய எலி எப்படித் துடிக்குமோ, அப்படியே அவையும் துடித்தன.

சொந்தச் சரக்கானாலும் ஓயாமல் ஊற்றினால் உடம்பு அடிமையாகும்.

ஏன்? விடை அதற்கு முந்தைய ஆண்டே, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஒரு கட்டுரையில் எழுதப்பட்டுவிட்டது. நோபல் பரிசு பெற்ற மார்ஷல் நிரென்பெர்க், வெர்னர் கிளீ ஆகியோருடன் சேர்ந்து அதை எழுதியவர்களில் முதல் பெயர் எஸ். கே. சர்மா. கண்ணாடிக் குடுவையில் வளர்த்த நரம்பணுக்களில் அவர்கள் கண்டது, நம் ஊர் லாரிப் பட்டறையில் நிற்கும் எவருக்கும் சட்டென்று விளங்கும்.

பாரம் கூடக் கூட, வண்டி தாழாமல் இருக்க ஸ்பிரிங் பட்டையைக் கூட்டிப் போடுவோம். வண்டி நேராக நிற்கும், பாரம் இருக்கும்வரை. ஒருநாள் மொத்தப் பாரத்தையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஓட்டிப் பாருங்கள். சின்னக் குழி விழுந்தாலும் தூக்கித் தூக்கிப் போடும்.

மார்ஃபின் நரம்பணுவின் உள்வேலையை அமுக்குகிறது. அமுங்கியே கிடக்க அணு சம்மதிப்பதில்லை. அந்த வேலையைச் செய்யும் நொதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பழைய நிலைக்கு நிமிர்ந்துகொள்கிறது. அதனால்தான் நேற்றைய அளவு இன்று போதாமல் போகிறது. திடீரென மார்ஃபின் நின்றால், கூட்டி வைத்த பட்டை அத்தனையும் ஒரே நேரத்தில் எகிறுகிறது. கொட்டாவியும் சிலிர்ப்பும் எலும்புக் குடைச்சலும் அந்த எகிறல்தான்.

இயற்கையான என்கெஃபலின் நம்மை ஏன் அடிமையாக்கவில்லை? அது ஏற்றிய கையோடு இறக்கும் சிறு பாரம். தேவைப்பட்ட இடத்தில் கசியும். சில நொடியிலிருந்து சில நிமிடத்துக்குள் நொதிகள் அதை வெட்டிப் போட்டுவிடும். பட்டை கூட்ட அணுவுக்கு அவகாசமே கிடைக்காது.

*

1979. வென்னின் ஹாங்காங் நோயாளிகளின் இரத்தத்தையும் தண்டுவட நீரையும் லண்டன் ஆய்வாளர்கள் அளந்தார்கள். விக்கி கிளெமென்ட் ஜோன்ஸ் முதல் பெயராக ‘லான்செட்’டில் வந்த அந்தக் கட்டுரை, எல்லோரும் ஊகித்து வைத்திருந்ததைக் கவிழ்த்தது.

அபினை வெளியிலிருந்து வாங்கிவாங்கி, உள்ளே ஊறும் ஊற்று வற்றிப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். வற்றவில்லை. வேதனையில் கிடந்தவர்களிடம் பீட்டா எண்டார்ஃபின் குறைந்திருக்கவில்லை, கூடுதலாகவே இருந்தது. உடம்பு தன்னிடம் இருந்ததை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கூட்டிப் போட்ட பட்டைக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

ஊசி சிகிச்சைக்குப் பின் அந்த எண்டார்ஃபின் மாறவில்லை. ஆனால் தண்டுவட நீரில் மெத்தியோனின் என்கெஃபலின் ஏறியிருந்தது. அந்த ஐம்பது வயது நோயாளி சொன்ன சொல்லுக்கு ஏழாண்டு கழித்துக் கிடைத்த முதல் தடயம் அது.

நேரடியாகப் பெப்டைடைச் செலுத்தியும் பார்த்தார்கள். 1970களின் இறுதியில் தைவானிலும் கலிஃபோர்னியாவிலும் பீட்டா எண்டார்ஃபினை ஊசியாகப் போட்டார்கள். 1979இல் ஆவ்ரம் கோல்ட்ஸ்டைன் டைனார்ஃபின் என்ற மூன்றாவது குடும்பத்தைக் கண்டறிந்தபின், 1982இல் வென் அதையும் ஹெராயின் பழகியவர்களிடம் சோதித்தார். வேதனை குறைந்தது. 1998இல் மினசோட்டாவில் மீண்டும் சோதித்தபோதும், இலேசான வேதனை ஓரளவு குறைவதைக் கண்டார்கள்.

ஓரளவு. சிறிது நேரம். இந்த இரண்டு சொற்களைத் தாண்டிப் பெப்டைடு மருந்தால் போக முடியவில்லை. வாயால் விழுங்கினால் வயிறு செரித்துவிடும். நரம்பில் ஏற்றினால் இரத்தத்தில் உள்ள நொதிகள் வெட்டிவிடும். தப்பிப் பிழைத்ததும் மூளையின் மதிலைத் தாண்டுவது அரிது. அக்குபஞ்சரைப் பின்னாளில் கடுமையாகச் சோதித்தவர்களும் ஒரே குரலில் அதை ஆதரிக்கவில்லை.

அப்படியானால் இத்தனை பன்றி மூளையும் ஒட்டகச் சுரப்பியும் வீணா?

*

இல்லை. அவை மருந்துப் புட்டியைத் தரவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றைத் தந்தன.

அபின் நின்று துடிப்பவர் கெட்டவர் என்றும் மனத்திடம் இல்லாதவர் என்றும் பல நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட தீர்ப்பை அவை மாற்றின. துடிப்பது குணம் இல்லை, நரம்பணு. தன்னைக் காத்துக்கொள்ள அது செய்த ஏற்பாடே அதை வதைக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒருவரை அறையில் பூட்டி, கட்டிப்போட்டு, ‘தானாகத் தெளியட்டும்’ என்று விடுவது சிகிச்சை ஆகாது. கொடுமை.

அது ஆபத்தும்கூட. ஒரு வாரம் துடித்து முடித்தவரின் பழைய தாங்குதிறன் குறைந்துபோயிருக்கும். ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மீண்டுவிட்டார் என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும் வேளையில்தான் பல சாவுகள் நிகழ்கின்றன.

சேலம் 1937இன் கேள்விக்கும் இங்கே ஒரு விடை உண்டு. மதுவின் இன்பத்திலும் இந்த எண்டார்ஃபின்களுக்குப் பங்கு இருக்கிறது. அபின் பூட்டை அடைக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தை, 1994இல் அமெரிக்கா குடிப்பழக்கத்துக்கும் அனுமதித்தது. அபினும் மதுவும் கடையில் வேறு வேறு. மூளைக்குள் ஒரு பகுதி வழி இரண்டுக்கும் பொது.

இந்தியாவில் இது எத்தனை பேரின் கதை? டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, அபின் வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி. அவர்களில் உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம். உதவி கேட்க 14446 என்ற கட்டணமில்லாத தேசிய எண் இருக்கிறது. நம் தெருவில் ஒரு வீட்டுக்காவது அது தேவைப்படலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

*

லாரிப் பட்டறைக்கே திரும்புவோம். பட்டை கூட்டிய வண்டியை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது? பாரத்தை ஒரேயடியாக இறக்கக் கூடாது. வண்டி நிதானமாக நிற்கும் அளவுக்கு ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் பட்டையைக் குறைக்க வேண்டும்.

என்கெஃபலின் அந்தப் பாரமாக முடியாது, நொடியில் கரைந்துவிடும். ஹெராயினும் முடியாது, ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக இறங்கும். பூட்டில் இறுகப் பற்றிக்கொண்டு, ஆனால் முழுவதும் திறக்காமல், ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கும் ஒரு சாவி வேண்டும்.

அந்தச் சாவி, விஞ்ஞானிகள் பூட்டைக் கண்டுபிடிக்கும் முன்பே செய்யப்பட்டிருந்தது. 1966இல், இங்கிலாந்தின் ஹல் நகரில். நம் வீடுகளில் டெட்டால் என்ற பெயரால் அறிமுகமான ரெக்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில், ஜான் லூயிஸின் குழு அதை வலி மருந்தாகவே தேடிச் செய்தது. அதன் பெயர் புப்ரெனார்ஃபின். பின்னாளில் அது இந்தியாவுக்கு வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் சிறு மாத்திரையாக, மருத்துவரின் கையிலிருந்து.

ஆனால் அதுவும் அபின் குடும்பம்தான். அந்த மாத்திரையை முதன்முதலாக நீட்டிய மருத்துவர்களைப் பார்த்துச் சட்டமும் சமூகமும் ஒரு கேள்வி கேட்டன. 1937இல் கடைகளை மூடிய சேலத்தின் பிள்ளைகளான நாமும் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

அபின் பழகியவருக்கு, அபின் திறக்கும் அதே பூட்டைத் திறக்கும் மருந்தை நாள்தோறும் கொடுப்பது சிகிச்சையா? இல்லை, மூடிய கடைக்குப் பதிலாகத் திறந்த இன்னொரு கடையா?

(அடுத்த வாரம் தொடரும்)